இடிக்கும் தேங்காய்க்கும் நடுவே ஒரு யூனிக்ஸ்

கம்ப்யூட்டரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, ஏற்றி முடிப்பதுதான் கஷ்டம்.

இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. திரையில் நீலப் பட்டை முக்கால் தூரம் போய் நின்றுவிட்டால், அது உண்மையிலேயே நின்றுவிட்டதா, மெதுவாக நகர்கிறதா என்று கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். பெங்களூரில் இருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டு, ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?’ என்ற கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொன்னவர்கள். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு, தங்கள் பிள்ளைகளை வேறு படிப்புக்கு அனுப்பலாம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சப்போர்ட் இன்ஜினீயர். ஸ்டாச்சு ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆபீஸ். மானேஜர் உண்ணித்தான் சார், நான், எனக்கு ஜூனியராக ஷாஜி, அவ்வளவுதான் கம்பெனி. டியூஷன் சென்டர்களுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் சாதாரண பி.சி. விற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு, யார் செய்த புண்ணியமோ, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. இரண்டு பிராசஸர், வரிசையாக நான்கு ஹார்டு டிஸ்க், உள்ளே யூனிக்ஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம். நாங்கள் அதுவரை விற்ற மெஷின்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது என்று உண்ணித்தான் சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை ஏற்றத் தெரிந்தவர்கள் எங்களிடம் யாரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

அந்த மெஷினுக்காகக் காத்திருந்தவர் லலிதா மேடம். கரமனை அக்ரஹாரத்துப் பெண். மழைக்காலத்தில் அலை கரையிலிருந்து மணலை வாரிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. பல வருஷம் கடலோரம் அலைந்து அளவு எடுத்திருந்தார். கடைசிக் கணக்கை மட்டும் அங்கே இருந்த பழைய மெஷினால் போட முடியவில்லை, பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கணவர் மஸ்கட்டில். ஃபேமிலி விசா வந்து, நவம்பர் கடைசியில் ஃப்ளைட் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அதற்குள் தீஸிஸைக் கொடுத்தால் உண்டு. ‘அங்கே போய் எழுதி அனுப்பறேன்’ என்று சொல்லிவிட்டு வளைகுடாவுக்குப் போனவர்கள் அந்த நிலையத்தில் நிறையப் பேர். அவர்களில் யாராவது அனுப்பினார்களா என்று கேட்டால் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள்.

ஆக, நான் யூனிக்ஸை ஏற்ற வேண்டும், பிறகு அவர் கணக்கை ஓட்ட வேண்டும், பிறகு எழுத வேண்டும், பிறகு விமானம். இந்த வரிசையில் முதல் ஆளாக நிற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இனி வருகிற பேச்சுகளில் பாதி மலையாளம். எங்கள் ஊர்த் தமிழில் தந்திருக்கிறேன்.

அம்பு எந்தப் பக்கம்?

மெஷின் லாரியில் வந்தது. லாரியிலிருந்து அறைக்கு முப்பதடி தூரம் இருக்கும். நானும் ஷாஜியும் தள்ளுவண்டி எடுத்துக்கொண்டு தயாராக நின்றோம். கேரளத்தில் வேலை பார்த்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். சுமட்டுத் தொழிலாளர் யூனியன்காரர்கள் நீலச் சட்டையில் எங்களுக்கு முன்பே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை இறக்கும் உரிமை அவர்களுடையது. தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, நல்ல வண்டி என்று சொன்னார்கள்.

பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு அம்புக்குறி போட்டு ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருந்தது. நான் அதைக் காட்டி, உள்ளே இருப்பது நாசூக்கான சாமான், சாய்க்கவே கூடாது என்று மன்றாடினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள, மூன்று பேர் பெட்டியைத் தூக்கி அதன்மேல் படுக்கை வசமாக வைத்தார்கள், வாசல் உயரம் போதாதாம். மனிதர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை, நேராக நடந்து போய் இறக்கினார். மெஷினை ஆன் செய்தோம். திரையில் ஒன்றும் வரவில்லை, உள்ளேயிருந்து பீப், பீப் என்று விடாமல் சத்தம் மட்டும் வந்தது. மூடியைக் கழற்றினால் மெமரி கார்டுகள் பாதி எழுந்து நின்றன. எல்லாவற்றையும் பிடுங்கி, துடைத்து, திரும்ப அழுத்தி உட்கார வைப்பதில் அன்றைய பகல் போயிற்று.

சாயங்காலம் வெளியே வந்தபோது யூனியன் தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்புக்குறி விஷயத்தை மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சாரே, மேலே இருக்கணும்னுதானே எழுதியிருக்கு? எங்க ஆளு தலையில வச்சா எப்படி வச்சாலும் மேலேதான்.”

முதலில் பழவங்காடி

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. எந்த மெஷினிலும் கை வைப்பதற்கு முன்னால் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்த ஊரில் பரீட்சை எழுதுகிறவன், கடை திறக்கிறவன், ஸ்கூட்டர் வாங்குகிறவன் எல்லோரும் அங்கே போய் உடைத்துவிட்டுத்தான் வருவான். ஆனால் உண்ணித்தான் சார் ஒரு படி மேலே போய், ஏற்றப்போகிற சி.டி.யையும் கூடவே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். அது ஷாஜியின் டூட்டி.

மெமரி சரியான மறுநாள் காலையில் ஏற்ற ஆரம்பித்தோம். முதலில் நான்கு டிஸ்குகளையும் மெஷின் தடவிச் சரிபார்க்கும். அதற்கே மணிக்கணக்காகும். அப்புறம்தான் சி.டி.யிலிருந்து பிரதி எடுக்கத் தொடங்கும். தொடங்கியது, பாதியில் நின்றது. திரும்ப ஆரம்பித்தால் அதே இடத்தில் நின்றது. சி.டி. டிரைவை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். பெங்களூருக்குப் போன் போட்டேன். அவர்கள் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். பிறகு டிஸ்க்கைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு எர்த்தை, கடைசியில் என்னை. லலிதா மேடம் மூன்று நாளும் காலையில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் சி.டி.யை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் அதன்மேல் எறும்பு. சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை, சி.டி.யின்மேல் மட்டும், அதுவும் ஒரு விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரே கோடாக. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது காய்ந்துபோன திவலைகள் தெரிந்தன. ஷாஜி ஒத்துக்கொண்டான். சாமிக்குக் காட்ட உறையிலிருந்து வெளியே எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தேங்காயை வீசியிருக்கிறான். அங்கே தேங்காய் உடைப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவன் சட்டை மாற்ற வேண்டும். குழாயடியில் சி.டி.யைக் கழுவித் துடைத்துப் போட்டதும் அது ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது.

மூன்று நாள் பாழாய்ப்போன எரிச்சலில் ஆபீசுக்குப் போய் உண்ணித்தான் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இனிமேல் சி.டி.க்குக் கோயில் வேண்டாம் என்பது என் கட்சி. அவர் கண்ணை மூடிக் கேட்டார், நீளமாக யோசித்தார், பிறகு உத்தரவு போட்டார்: “இனி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுபோங்க.”

எழுதிப் போட்ட எச்சரிக்கை

சி.டி. ஓட ஆரம்பித்ததும் துலாம் மாதத்து மழை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், துலாம் என்றால் நம் ஐப்பசி. அந்த மாதத்தில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கே கறுக்கும். அப்புறம் வருகிற இடியும் மின்னலும் சாதாரணமானதில்லை, தென்னை மரம் நின்றபடியே கருகும். முதல் உறுமல் கேட்டதுமே வீட்டுக்கு வீடு எழுந்து டி.வி., ஃப்ரிட்ஜ், டெலிபோன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும்.

நிலையத்தில் அந்தக் கை சுகுமாரன் சேட்டனுடையது. அவர் அங்கே அட்டெண்டர். போன வருஷம் ஒரு மின்னலில் டைரக்டர் அறை ஃபேக்ஸ் மெஷின் போய்விட்டதில் அவருக்கு வருத்தம் அதிகம். இடி கேட்டதும் அறை அறையாக நுழைந்து பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டே வருவார். என் மெஷின் பிரதி எடுத்து முடிக்கும் தறுவாயில் இருந்தது. நான் வராந்தாவில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது திரை இருண்டு, எல்லா வயர்களும் நாற்காலிமேல் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. யு.பி.எஸ்.ஸின் வயரும் அதில் இருந்தது, யு.பி.எஸ்.ஸிலிருந்து மெஷினுக்குப் போகிற வயரும் இருந்தது. பாதி எழுதிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினால் மறுநாள் மூன்று மணிக்குத்தான் அதே இடத்துக்கு வரும். சாயங்காலம் ஐந்துக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். இரவில் ஓட விடலாமென்றால் டைரக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

லலிதா மேடம் அன்றைக்குத்தான் முதல்தடவையாக வாய் திறந்து, நவம்பர் பிறந்துவிட்டது என்றார். நான் கெட்டியான அட்டையில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ‘இந்தப் பிளக்கை யாரும் தொடக் கூடாது’ என்று பெரிதாக எழுதி, சுவரில் ஒட்டி, சுகுமாரன் சேட்டனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நிதானமாக வாசித்து, சரி என்றார். மறுநாள் மூன்று மணிக்கு இடித்தது. விளக்கு அணைந்தது. யு.பி.எஸ். கீச்சென்று கத்திக்கொண்டு தன்னால் முடிந்தவரை மெஷினைத் தாங்கியது. கரண்ட் இதோ வந்துவிடும் என்று நாங்களும் காத்திருந்தோம். வரவில்லை. யு.பி.எஸ். உயிரை விட்டது, மெஷினும் கூடவே போயிற்று. வெளியே ஓடினால், எதிர்க் கட்டடத்தில் விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. சுகுமாரன் சேட்டன் படிக்கட்டின் கீழே மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்: “சார் எழுதிப் போட்டிருந்ததை நான் மறக்கலை கேட்டோ, பிளக்கைத் தொடவே இல்லை.”

ஏர்போர்ட் வண்டி

அந்த வாரம் ஒரு சாயங்காலம் செய்தியில் மறுநாள் ஹர்த்தால் என்று சொன்னார்கள். யார் அழைத்தது, எதற்கு என்று நான் கவனிக்கவில்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான். ஹர்த்தாலென்றால் நிலையம் பூட்டியிருக்கும், பூட்டியிருந்தால் சுகுமாரன் சேட்டன் வரமாட்டார், வராவிட்டால் இடித்தாலும் மெயின் சுவிட்ச் அதுபாட்டுக்கு இருக்கும். டைரக்டருக்கு வீட்டுக்கே போன் செய்து அனுமதி கேட்டேன். விடுமுறை நாளில் வேலை செய்ய ஒருவன் கெஞ்சுவதை அவர் முன்பின் கேட்டதில்லை போலிருக்கிறது, சம்மதித்துவிட்டார். அன்றே பஸ் பிடித்துப் போய் அங்கே விருந்தினர் அறையில் தங்கிவிட்டேன். லலிதா மேடத்திடம் விஷயத்தைப் போனில் சொன்னேன், வரவேண்டாம், வர வழியும் இல்லை என்றும் சொன்னேன்.

காலையில் ஆரம்பித்தேன். ஊரே அடங்கிக் கிடந்தது. பத்தரை மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. முன்கண்ணாடியில் வெள்ளைத் தாளில் ‘ஏர்போர்ட்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஹர்த்தால் நாளில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் விமானத்துக்கும் போகிற வண்டியை விட்டுவிடுவார்கள். விமான நிலையமும் அதே கடற்கரைப் பக்கம்தான். பக்கத்து வீட்டு மாமாவின் காரில் அந்தத் தாளை ஒட்டிக்கொண்டு கரமனையிலிருந்து வந்திருக்கிறார் லலிதா மேடம். ஈஞ்சக்கல் பக்கம் இளைஞர்கள் சிலர் ரோட்டில் கல்லை வைத்து மறித்து, பெட்டி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மேடம் கைப்பையிலிருந்து டிக்கெட்டையே எடுத்து நீட்டிவிட்டார். மஸ்கட் டிக்கெட், அசல். அவர்களில் படித்த ஒருவன் அதைப் புரட்டி, ஃப்ளைட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே சேச்சி என்று கேட்டிருக்கிறான்.

அவர் இதைச் சொல்லும்போது சிரிக்கவே இல்லை, பட்டை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சொன்னார். பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கல்லை உருட்டி வழி விட்டார்களாம். அன்றைக்கு மூன்று மணிக்கு இடித்தது, நான்கு மணிக்குப் பட்டை கடைசிவரை போய், முதல்முறையாக லாகின் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, மேடம் அந்தப் பையனுக்குச் சொன்ன பதில்தான்: “அடுத்த ஹர்த்தால் எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? அதான் முன்னாடியே கிளம்பிட்டேன்.”

இரண்டில் ஒன்று

ஏறிவிட்டது, ஆனால் மெஷின் ஒரு பிராசஸரைத்தான் கண்டுகொண்டது. இன்னொன்று சூடுகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கை ஓட்டினால் எப்போது முடியும் என்று ஷாஜி ஒரு தாளில் போட்டுப் பார்த்தான். மேடம் அரபிக்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது முடியும் என்று வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெங்களூரில் இந்த முறை விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்தார். இரண்டு பிராசஸருக்குத் தனிக் கர்னல், அதாவது யூனிக்ஸின் மையப் பகுதி, வேண்டும், அது இரண்டாவது சி.டி.யில் இருக்கிறது, நாமாகக் கேட்டு ஏற்றினால்தான் ஏறும் என்றார். கேட்டு ஏற்றினோம், ஏறியது. இந்த சி.டி. பிளாஸ்டிக் கவரில் போய்த் தரிசனம் செய்துவந்தது.

இதற்கு நடுவில் டைரக்டர் புது மெஷினைப் பார்க்க வந்தார். மறைத்துப் பயனில்லை என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு இருக்கிறது சார், ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்றது இருப்பதே இதற்குத் தெரியவில்லை என்றேன். திட்டப்போகிறார் என்று ஷாஜி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். டைரக்டர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என் தோளில் தட்டி, “இதுக்கு என்ன விசாரம்? இங்கே ரெண்டு பேர் இருக்கிற செக்‌ஷன்ல எல்லாம் அப்படித்தான்” என்றார்.

கோளாறு இல்லாத கம்ப்ளெயின்ட்

மெஷினை ஒப்படைத்துவிட்டு வந்த நாலாம் நாள் லலிதா மேடம் ஆபீசுக்குப் போன் செய்தார். மெஷின் மெதுவாக இருக்கிறதாம். போனிலேயே இரண்டு கட்டளைகள் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் திரும்பவும் போன், ஏதோ சத்தம் கேட்கிறதாம். அதற்கும் மறுநாள், திரை மினுங்குகிறதாம். உண்ணித்தான் சார் முகம் கறுத்துவிட்டது. கிளம்பிப் போனேன்.

டிஸ்க்கைச் சோதித்தேன், சுத்தம். மெமரி சுத்தம். சத்தம் என்றால் மின்விசிறிச் சத்தம்தான். கடைசியாக, அதுவரை என்னென்ன புரோகிராம் ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுமே ஓடவில்லை. மேடத்தின் புரோகிராம் ஏற்றி வைத்தபடி அப்படியே இருந்தது, நான் போனதிலிருந்து ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜையிலிருந்த பேனாக்களை ஒரே நீளமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஃப்ளைட்டுக்குப் பன்னிரண்டு நாளோ என்னவோ இருந்தது.

அடுக்கி முடித்துவிட்டு அவராகவே சொன்னார். “இத்தனை நாளும் யார் கேட்டாலும் மெஷின் வரலை, மெஷின் சரியாகலைன்னு சொல்லிண்டிருந்தேன், முருகேசன். ஆத்துலயும் அதான், அவர் போன் பண்ணினாலும் அதான். இப்போ ஓட்டி, நான் நினைச்சது தப்புன்னு வந்துடுத்துன்னா?”

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பயம் எனக்கும் தெரியாததல்ல. பட்டை நகராமல் நிற்கும்போது திட்டிக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருப்பவன்தான் நானும். அது போய் முடிந்தால் அதற்கப்புறம் வருவதெல்லாம் என் தலையில்தான் விழும். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆகவே, வந்த கம்ப்ளெயின்டுக்கு ஒரு புரோகிராமாவது ஓடுவதை நான் கண்ணால் பார்க்காமல் திரும்பிப்போக எங்கள் கம்பெனியில் விடமாட்டார்கள் மேடம் என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது. தேங்காய் ஒன்றுதான் எங்கள் சட்டம்.

அவர் கட்டளையைத் தட்டினார். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். என்டர்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் மின்விசிறிகளின் சத்தம் உயர்ந்தபோதுதான் இரண்டு பிராசஸரும் வேலையைத் தொடங்கிவிட்டன என்று தெரிந்தது.

கணக்கு ஓடிய நாட்களில் டைரக்டர் இரவிலும் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். துலாம் மாதமும் முடிந்திருந்தது. மேடம் பயந்தது வீண்போகவில்லை. மணல் அவர் எழுதி வைத்திருந்த பக்கம் போகவில்லை, நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது. கடைசி அத்தியாயத்தை முழுக்கக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார் என்று ஷாஜி சொல்லித் தெரியும். அந்த நாட்களில் எங்களுக்கு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அது அடித்தது. உண்ணித்தான் சார் எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். மேடத்தின் குரல் கரகரத்திருந்தது, தூங்கிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். யூனிவர்சிட்டியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். பிறகு, “தீஸிஸ் கொடுத்தாச்சு முருகேசன். மெஷின்ல ஒரு கம்ப்ளெயின்டும் இல்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது” என்றார்.

ஒரு மெஷினைச் சரி செய்வது என்பது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் மிச்சமிருந்த ஒரே சாக்கைப் பிடுங்கிக்கொண்டு, திருப்தி என்று அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதுதான்.